அடுத்த அறைக் கணிப்பொறியும் ஓர் அமானிதமே

தக்கலையிலிருந்து ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் சென்றால் பத்மநாபபுரம் அரண்மனை. திருவிதாங்கூர் மன்னர்கள் வாழ்ந்த அந்த மர மாளிகையைப் பார்க்க வெளியூர்களிலிருந்தெல்லாம் மக்கள் வருகிறார்கள். 1795-ஆம் ஆண்டு மன்னரின் தலைநகர் திருவனந்தபுரத்திற்குப் பெயர்ந்தது. 1956 நவம்பர் முதல் நாள் கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது. ஆனால் அரண்மனையின் பராமரிப்பு மட்டும் கேரள அரசின் தொல்லியல் துறையிடமே இருந்துவருகிறது. கட்டடம் நிற்பது ஒரு மாநிலத்து மண்ணில். அதைப் பேணுவது இன்னொரு மாநிலத்தின் கை.

ஒரு பொருள் இருக்கும் இடம் ஒன்று, அதைப் பேணுபவர் இருக்கும் இடம் வேறு என்பது நம் ஊராருக்குப் புதிதன்று. வெளிநாட்டில் உழைக்கும் மகன் அங்கிருந்துகொண்டே ஊரில் வீடு கட்டுகிறான். தோட்டத்துக்கு வேலி போடுகிறான். தங்கையின் படிப்புக்குப் பணம் கட்டுகிறான். தொலைவு நம் பொறுப்பைக் குறைத்ததில்லை.

இன்று இதே கேள்வி நம் வீடுகளுக்குள் புதிய வடிவில் வந்திருக்கிறது. மாடியில் மகன் இருக்கிறான். கீழே உம்மாவின் மேசையில் ஒரு கணிப்பொறி. பக்கத்து அறையில் தங்கையின் மடிக்கணிப்பொறி. படியிறங்காமலே, தன் அறையிலிருந்தபடி அவ்விரண்டையும் அவன் சீர்செய்ய முடியும். எப்படி முடியும் என்பதைக் கற்றுக்கொள்வது எளிது. எந்த எல்லைவரை செய்யலாம் என்பதையும் அதோடு சேர்த்துக் கற்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வேண்டுகோள்.

நம் வீட்டுக்கு லினக்ஸ் வந்த வழி

கணிப்பொறியை இயக்கும் அடிப்படை மென்பொருளை இயங்குதளம் என்கிறோம். விண்டோஸ் நமக்குப் பழகிய பெயர். லினக்ஸ் அதைப் போன்ற இன்னொன்று. அதன் மூல வரிகளை எவரும் படிக்கலாம், திருத்தலாம், விலையின்றி நிறுவிக்கொள்ளலாம்.

இது எங்கோ உள்ளவர்களின் பொருள் என்று எண்ண வேண்டாம். களியக்காவிளையைத் தாண்டினால் கேரளம். அங்கே 2001-ஆம் ஆண்டு ஐ.டி. அட் ஸ்கூல் என்ற திட்டம் தொடங்கியது; பின்னர் அரசுப் பள்ளிகளின் கணிப்பொறிப் பாடமே லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு அமைந்தது. அதே 2001-இல் இந்தியாவுக்கான கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை திருவனந்தபுரத்தில் தொடங்கப்பெற்றது. தமிழகத்திலோ, 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணிப்பொறித் திட்டத்தின்கீழ் மாணவர் கைக்கு வந்த கருவிகளில் விண்டோஸோடு ‘பாஸ்’ என்ற லினக்ஸும் இடம்பெற்றிருந்தது. அரசு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய இயங்குதளம் அது. அந்த மடிக்கணிப்பொறிகளில் சில இன்றும் நம் வீட்டு அலமாரிகளில் இருக்கக்கூடும்.

அண்மையில் வேறொரு காரணமும் சேர்ந்தது. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. அடுத்த பதிப்பை ஏற்கும் தகுதியில்லாத பழைய கணிப்பொறிகளை எறிந்துவிடாமல், அவற்றில் உபுண்டு, மின்ட் போன்ற லினக்ஸ் வகைகளை நிறுவிப் பயன்படுத்துவோர் இருக்கிறார்கள். வீண்விரயத்தை வெறுக்கும் சமுதாயத்துக்கு இது ஏற்ற வழியே.

ஆனால் பழகாத இயங்குதளத்தை உம்மாவின் மேசையில் வைத்துவிட்டால், அதைப் பேணும் பொறுப்பும் வைத்தவரையே சேரும். அச்சுப்பொறி நின்றுவிட்டால் அவர் உங்களைத்தான் அழைப்பார். அந்தப் பொறுப்பைச் செம்மையாகச் செய்யும் கருவியைத்தான் அடுத்துப் பார்க்கப்போகிறோம்.

ஹெல்சிங்கி தந்த இரண்டு

1991 ஆகஸ்டில், பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் பயின்ற லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர், தாம் ஓர் இயங்குதளம் எழுதிக்கொண்டிருப்பதாக அறிவித்தார். அதுவே லினக்ஸ்.

நான்கு ஆண்டுகள் கழித்து, ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஒரு திருட்டு நடந்தது. வலையமைப்பில் ஒளிந்திருந்த ஒருவர், பிறர் தட்டச்சு செய்த கடவுச்சொற்களை வழியிலேயே ஒட்டுக்கேட்டுத் திரட்டிவிட்டார். அந்நாளில் ஒரு கணிப்பொறியிலிருந்து இன்னொன்றை இயக்க ‘டெல்நெட்’ என்ற முறை வழக்கில் இருந்தது. அது கடவுச்சொல்லை மூடாத அஞ்சலட்டைபோல் அப்படியே அனுப்பும். வழியில் நிற்பவர் எவரும் படித்துவிடலாம். இதைக் கண்டு வருந்திய ஆய்வாளர் தாத்து யூலோனென், 1995-இல் ‘எஸ்.எஸ்.எச்.’ என்ற புதிய முறையை எழுதி வெளியிட்டார். அனுப்புபவரும் பெறுபவரும் தவிர வேறெவரும் படிக்க இயலாதபடி, போகிற வருகிற எல்லாவற்றையும் அது மறைகுறியாக்கிவிடும். கோப்புப் பரிமாற்றத்துக்கு 21, டெல்நெட்டுக்கு 23 என்ற வாயில் எண்கள் முன்பே வழங்கப்பட்டிருந்தன. இடையில் காலியாக இருந்த 22 எஸ்.எஸ்.எச்.-க்குக் கிடைத்தது. 1999 முதல் ‘ஓப்பன் எஸ்.எஸ்.எச்.’ என்ற கட்டற்ற வடிவம் கிடைக்கிறது. இன்று உலகின் பெரும்பாலான லினக்ஸ் கணிப்பொறிகளைத் தொலைவிலிருந்து நிர்வகிப்பது இதன் துணையால்தான்.

இந்த வரலாற்றை அறிந்துகொள்வதில் ஒரு பயன் உண்டு. தொலைவிலிருந்து உள்ளே நுழையும் இக்கருவி, ஒட்டுக்கேட்பவரிடமிருந்து வீட்டாரைக் காக்கவே பிறந்தது. அதையே வீட்டாரை ஒட்டுக்கேட்கப் பயன்படுத்தினால், கருவி பிறந்த நோக்கத்துக்கே மாறு செய்தவராவோம்.

வீட்டுக்குள் ஒரு பாதை

செயல்முறைக்கு வருவோம். முதலில், கணிப்பொறிக்கு உரியவரின் எதிரில் அமர்ந்து, அவர் இசைவோடு சில ஏற்பாடுகளைச் செய்ய வேண்டும். இதற்கு ஒரு மணி நேரம் போதும்.

வீட்டில் இணையம் தரும் சிறு பெட்டியை ரூட்டர் என்கிறோம். அது ஒவ்வொரு கருவிக்கும் ஓர் உள்வீட்டு எண் கொடுக்கிறது, பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். வீதிக்கு இது தெரியாது. வீட்டுக்குள் மட்டுமே செல்லும். இந்த எண் நாளுக்கு நாள் மாறக்கூடும். ஆகவே ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில், உம்மாவின் கணிப்பொறிக்கு என்றும் ஒரே எண்ணைத் தரும்படி ஒதுக்கீடு செய்துவிடுங்கள். கதவிலக்கம் மாறிக்கொண்டே இருந்தால் தபால்காரர் என்ன செய்வார்?

அடுத்து, அந்தக் கணிப்பொறியில் ஓப்பன் எஸ்.எஸ்.எச். சர்வர் என்ற மென்பொருளை நிறுவ வேண்டும். உள்ளே வர விரும்புபவருக்குக் கதவைத் திறக்கும் வாயில்காப்போன் அதுதான். வெளியிலிருந்து தட்டும் பகுதி லினக்ஸில் முன்பே இருக்கிறது. இன்றைய விண்டோஸிலும் உண்டு.

மூன்றாவது ஏற்பாடு மிக முக்கியமானது. உம்மாவின் பெயரிலேயே நுழையாதீர்கள். அந்தக் கணிப்பொறியில் உங்களுக்கென்று தனிப் பயனர் கணக்கு ஒன்றை உருவாக்கி, அதற்கு நிர்வாக உரிமை கொடுங்கள். அப்போதுதான் யார் எப்போது வந்தார் என்பது பிரிந்து தெரியும். ‘சூடோ’ என்ற கட்டளையின் வழியாக நிர்வாக வேலை செய்யும்போதெல்லாம், யார், எந்த நேரத்தில், எதைச் செய்தார் என்பதைக் கணிப்பொறி தன் நாட்குறிப்பில் எழுதிவைக்கும். பிறர் பணத்தைக் கையாள்பவர் கணக்கெழுதி வைப்பது நம் மரபு. இதுவும் அத்தகையதே.

இவை முடிந்ததும் உங்கள் அறைக்குச் செல்லுங்கள். எஸ்.எஸ்.எச். கட்டளையோடு உங்கள் பயனர் பெயரையும் அந்தக் கணிப்பொறியின் எண்ணையும் கொடுத்தால் இணைப்பு கிட்டும். முதன்முறை இணையும்போது, அந்தக் கணிப்பொறியின் ‘கைரேகை’ என்று ஒரு நீண்ட எழுத்துத் தொடர் திரையில் தோன்றி, ஏற்கிறீர்களா என்று கேட்கும். பலர் படிக்காமலே ஆம் என்பார்கள். அவ்வாறு செய்யாதீர்கள். முன்னதாகவே அந்தக் கணிப்பொறியின் திரையில் அதன் கைரேகையைப் பார்த்து ஒரு தாளில் எழுதிக்கொண்டு, இரண்டும் ஒன்றுதானா என ஒப்பிடுங்கள். நீங்கள் தட்டுவது சரியான வீட்டின் கதவைத்தான் என்பதற்கு அது சான்று. பின்னொரு நாள் கைரேகை மாறிவிட்டதென எச்சரிக்கை வந்தால், இயங்குதளத்தைப் புதிதாக நிறுவினீர்களா என்று எண்ணிப் பாருங்கள். இல்லையென்றால் மேலே செல்லாதீர்கள்.

பூட்டு அங்கே, திறவுகோல் இங்கே

கடவுச்சொல்லைவிடப் பாதுகாப்பான முறை திறவுகோல் இணை. உங்கள் கணிப்பொறி ஒரே நேரத்தில் இரண்டு கோப்புகளை உருவாக்கும். ஒன்று பொதுத் திறவுகோல். அதைப் பூட்டு என்றே கருதலாம். மற்றொன்று தனித் திறவுகோல்; அதுவே உண்மையான சாவி. பூட்டை உம்மாவின் கணிப்பொறியில் மாட்டிவிடுகிறீர்கள். சாவி உங்கள் கணிப்பொறியை விட்டு ஒருபோதும் வெளியேறாது. இணையும் வேளையில்கூட அது வலையமைப்பில் பயணம் செய்வதில்லை. சாவி உங்களிடம் இருக்கிறது என்பதற்கான சான்று மட்டுமே செல்கிறது.

அந்தச் சாவிக் கோப்பையும் ஒரு மறைசொல்லால் பூட்டிவையுங்கள். உங்கள் மடிக்கணிப்பொறி பேருந்தில் தொலைந்தாலும் உம்மாவின் கணிப்பொறி தொலையாது. சாவி வேலை செய்வதை உறுதி செய்துகொண்டபின், கடவுச்சொல்லால் நுழையும் வழியை மூடிவிடலாம். ‘ரூட்’ எனப்படும் தலைமைக் கணக்கில் நேரடியாக நுழைவதையும் தடுத்துவிடலாம்.

சாவி முறைக்கு இன்னொரு சிறப்பு உண்டு. எந்தெந்தச் சாவிகளுக்குக் கதவு திறக்கும் என்ற பட்டியல் அந்தக் கணிப்பொறியிலேயே ஒரு கோப்பில் இருக்கிறது. ஒரு சாவிக்கு ஒரு வரி. அந்த வரியை நீக்கிவிட்டால் அந்தச் சாவி அக்கணமே செல்லாக்காசு. கொடுத்த அனுமதியைத் திரும்பப் பெறுவது இவ்வளவு எளிதாக இருப்பது நல்லதே. ஆனால் அந்த வரியை நீக்கத் தெரிந்தவர் வீட்டில் இன்னொருவரும் இருக்க வேண்டும்.

உள்ளே சென்றபின் செய்ய வேண்டியவை

நுழைந்துவிட்டோம். இனி என்ன வேலை?

முதல் வேலை, பாதுகாப்புத் திருத்தங்களை நிறுவுதல். டெபியன், உபுண்டு வகைகளில் ‘ஆப்ட்’ என்ற கட்டளை இதைச் செய்கிறது. பாதுகாப்புத் திருத்தங்கள் தாமாகவே நிறுவப்படும்படியும் அமைத்துவிடலாம்.

இரண்டாவது, வட்டில் எவ்வளவு இடம் எஞ்சியிருக்கிறது என்று பார்த்தல். ‘கணிப்பொறி நின்று நின்று வேலை செய்கிறது’ என்ற முறையீடுகளில் சில, நிரம்பிவிட்ட வட்டால் வருபவை.

மூன்றாவது, அச்சுப்பொறி. லினக்ஸில் ‘கப்ஸ்’ என்ற பகுதி அதைக் கவனிக்கிறது. சிக்கிக்கொண்ட பணியை நீக்கி வரிசையை மறுபடி தொடங்கிவிடலாம். தாள் தீர்ந்திருந்தால் மட்டும் யாராவது எழுந்து செல்லத்தான் வேண்டும்.

நான்காவது, நகலெடுத்தல். ‘ஆர்சிங்க்’ என்ற கருவியை 1996-இல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல் என்பவரும் பால் மெக்கெராஸ் என்பவரும் வெளியிட்டனர். முந்தைய நகலுக்குப்பின் மாறிய பகுதிகளை மட்டும் அனுப்புவது அதன் தனித்திறன். நாள்தோறும் இரவில் தங்கையின் ஆய்வேட்டையும் வாப்பாவின் கடைக் கணக்கையும் வீட்டிலுள்ள வேறொரு வட்டுக்கு அது எஸ்.எஸ்.எச். வழியாகவே பிரதி எடுத்துவிடும். பிற்பாடு கிடைக்காத நிலை வந்தால்தான் நகலின் அருமை தெரியும்.

கணிப்பொறி அணைந்திருந்தால்? கம்பி வழி இணைந்த பல கணிப்பொறிகளை வலையமைப்பிலிருந்தே எழுப்பிவிடலாம். அதன் வலையமைப்பு அட்டைக்கென உள்ள தனி எண்ணை 16 முறை அடுக்கி அனுப்பும் ஒரு சிறு பொதி, உறங்கும் கணிப்பொறியைத் தட்டியெழுப்பும். முன்கூட்டியே அந்த அமைப்பை இயக்கி வைத்திருக்க வேண்டும்.

இவ்வளவும் எழுத்துத் திரையிலேயே நடப்பவை. உம்மாவின் கணிப்பொறியில் வேறொருவர் வேலை செய்வது அவர் கண்ணுக்குத் தெரியாது; அவர் பாட்டுக்குச் செய்தி படித்துக்கொண்டிருப்பார். கண்ணுக்குத் தெரியாமல் நடப்பது என்பதாலேயே இங்கே ஒழுக்கம் இருமடங்கு தேவைப்படுகிறது.

அடிமரத்தை வெட்டாதீர்கள்

தொலைவிலிருந்து வேலை செய்பவர் மறக்கக்கூடாத விதி ஒன்று உண்டு. நுனிமரத்தில் அமர்ந்து அடிமரத்தை வெட்டக்கூடாது. தீச்சுவர் எனப்படும் பாதுகாப்பு அரணை இயக்குமுன், 22-ஆம் வாயிலுக்கு அனுமதி கொடுத்தீர்களா என்று பாருங்கள். இல்லையென்றால் அரண் எழுந்த அக்கணமே நீங்கள் வெளியே நிற்பீர்கள். எஸ்.எஸ்.எச். அமைப்பை மாற்றும்போது, திறந்திருக்கும் இணைப்பை மூடாமல், இரண்டாவது இணைப்பு ஒன்றைத் திறந்து சோதியுங்கள். அது திறந்தால் மட்டுமே முதலாவதை மூடுங்கள்.

கணிப்பொறியை மறுபடி தொடங்குமுன், அதன் முன்னால் எவரேனும் அமர்ந்திருக்கிறாரா என்று பாருங்கள். ‘ஹூ’ என்ற சிறு கட்டளை அதைச் சொல்லும். ஆனால் அதைவிடச் சிறந்த வழி, மாடிப்படியில் நின்று ஒரு குரல் கொடுப்பது. தங்கை மூன்று மணி நேரம் தட்டச்சு செய்து இன்னும் சேமிக்காத பக்கங்கள் உங்கள் ஒரு கட்டளையில் மறைந்துபோனால், எந்த நகலாலும் அதை மீட்க முடியாது. அவள் நம்பிக்கையை மீட்பது அதைவிடக் கடினம்.

பார்வைக்கும் அனுமதி வேண்டும்

இப்போது இக்கட்டுரையின் மையத்துக்கு வந்துவிட்டோம்.

நிர்வாக உரிமை உள்ளவர், அந்தக் கணிப்பொறியில் எதை வேண்டுமானாலும் பார்க்க முடியும். உபுண்டு 21.04 பதிப்பு முதல், புதிதாக உருவாகும் ஒருவரின் கோப்புறையை மற்றப் பயனர்கள் பார்க்க முடியாதபடி அமைத்திருக்கிறார்கள். ஆனால் அந்தத் தடை நிர்வாகிக்கு இல்லை. உம்மா தம் சகோதரிக்கு எழுதிய கடிதம், தங்கையின் தோழியர் புகைப்படம், வாப்பாவின் கடன் விவரம் யாவும் ஒரே கட்டளைத் தொலைவில் இருக்கின்றன. நாட்குறிப்பில் பதிவாகும் என்று சொன்னோம், உண்மைதான். ஆனால் நிர்வாக உரிமை உள்ளவர் அந்த நாட்குறிப்பையும் அழிக்க முடியும். தொழில்நுட்பம் இதற்குமேல் காவல் நிற்காது. இதற்குமேல் காவல் நிற்க வேண்டியது இறையச்சம்.

பிறர் வீட்டுக்குள் ஸலாம் சொல்லி அனுமதி பெறாமல் நுழையாதீர்கள் என்பது சூரத்துந் நூர் தரும் ஒழுக்கம். ஒரே வீட்டில் வாழ்பவர்கள்கூட, ஓய்வுக்குரிய மூன்று வேளைகளில் அனுமதி கேட்டே உள்ளே வர வேண்டும் என்றும் அதே அத்தியாயம் கற்பிக்கிறது. துருவித் துருவி ஆராய்வதைச் சூரத்துல் ஹுஜுராத் தடுக்கிறது. அனுமதி கேட்கும் முறை ஏற்படுத்தப்பட்டதே பார்வையின் காரணத்தால்தான் என்ற கருத்தை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் உணர்த்தியதாகப் புகாரி நூலில் வந்துள்ளது. கால் உள்ளே வைப்பது மட்டும் நுழைவதாகாது. கண் நுழைந்தாலும் நுழைந்ததுதான் என்பது இதிலிருந்து விளங்கவில்லையா? அப்படியானால், மாடியறையிலிருந்து எஸ்.எஸ்.எச். வழியே தங்கையின் கோப்புறைக்குள் செல்லும் கண்ணுக்கு மட்டும் விதிவிலக்கு எங்கிருந்து வரும்?

‘என் வீடுதானே, நான் வாங்கிக் கொடுத்த கணிப்பொறிதானே’ என்று சிலர் வாதிடுவர். கதவையும் நீங்கள்தான் செய்து மாட்டினீர்கள். அதற்காகத் தட்டாமலா திறக்கிறீர்கள்?

பிள்ளைகளின் கணிப்பொறியைப் பெற்றோர் கண்காணிப்பது வேறு; அது பொறுப்பின்பாற்பட்டது. ஆயினும் அதையும் வெளிப்படையாகச் செய்யுங்கள். ‘இரவு பத்து மணிக்குமேல் இணையம் நிற்கும்; இன்னின்னவற்றை நான் பார்ப்பேன்’ என்று பிள்ளையிடமே சொல்லிவிடுங்கள். சொல்லிவிட்டுச் செய்வது வளர்ப்பு. சொல்லாமல் செய்தது ஒருநாள் வெளிப்பட்டால், பிள்ளை ஒழுக்கத்தைக் கற்காது. ஒளிந்துகொள்ளும் வித்தையைக் கற்கும்.

சில வேளைகளில் அவர்கள் திரையையே நீங்கள் பார்க்க வேண்டியிருக்கும். வி.என்.சி., ஆர்.டி.பி. என்ற முறைகள் அதற்குதவும். அப்போது தொலைபேசியில் பேசிக்கொண்டே, அவர் கண்முன்னே சுட்டியை நகர்த்திக் காட்டுங்கள். முடிந்ததும் முடிந்தது என்று சொல்லி வெளியேறுங்கள். பழைய வி.என்.சி. முறையில் மறைகுறியாக்கம் இல்லாமலிருக்கக்கூடும் என்பதால், அதை எஸ்.எஸ்.எச். இணைப்புக்குள் செலுத்திப் பயன்படுத்துவதே நல்லது.

கணிப்பொறிக்கு உரியவருக்கும் ஒரு சொல். உங்களுக்கு மட்டுமே உரிய எழுத்துகளை, லிப்ரே ஆஃபிஸ் செயலியில் கடவுச்சொல்லிட்டுச் சேமிக்கலாம். அக்கோப்பு மறைகுறியாக்கப்பட்டுவிடும், மூடியிருக்கும் கோப்பை நிர்வாகியாலும் படிக்க இயலாது. பெட்டகத்துக்குப் பூட்டிடுவது எவரையும் சந்தேகிப்பதாகாது.

கடல் கடந்த பிள்ளைகளுக்கு

இதுவரை சொன்னது வீட்டுக்குள் நடப்பது. துபாயிலோ ரியாத்திலோ இருக்கும் மகன், தக்கலை வீட்டுக் கணிப்பொறியை அங்கிருந்தே பேண விரும்பினால்?

ஒரு தவறான வழி உண்டு. ரூட்டரில் 22-ஆம் வாயிலை உலகுக்குத் திறந்துவிடுவது. அப்படித் திறந்த வாயிலை, உலகெங்கும் தானியங்கி நிரல்கள் இடைவிடாமல் தட்டிக்கொண்டே இருக்கும். எளிய கடவுச்சொல் இருந்தால் உள்ளே வந்துவிடும். வீட்டின் கதவைத் தெருவில் திறந்து வைத்துவிட்டுத் தூங்குவதற்கு ஒப்பானது அது. மேலும், பல இணைய நிறுவனங்கள் ஒரே பொது எண்ணைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்தளிப்பதால், பழைய முறையில் வெளியிலிருந்து நுழைவது பல வேளைகளில் இயலாது.

சரியான வழி, ‘வயர்கார்டு’ போன்ற மறைகுறியாக்கப்பட்ட தனிப்பாதை அமைப்பது. அதன் வழியே வரும் மகனின் கணிப்பொறி, வீட்டு வலையமைப்பில் ஓர் உறுப்பினர்போல் நடத்தப்படும். அத்தகைய பாதைகளைப் பயன்படுத்துவது பற்றி அவர் வசிக்கும் நாட்டின் சட்டம் என்ன சொல்கிறதென்று அறிந்து, அதற்குட்பட்டே செய்ய வேண்டும். அதற்கும் முன்னதாக ஊரிலேயே இருக்கும் தம்பிக்கோ தங்கைக்கோ இந்த வேலையைக் கற்றுக்கொடுத்துவிட முடியாதா என்று பாருங்கள். பெரும்பாலும் முடியும். தன் கணிப்பொறியைத் தானே பேணக் கற்ற தங்கைக்கு எவர் சாவியும் தேவைப்படாது. 2012-இல் தொடங்கப்பெற்ற ‘கணியம்’ என்ற இதழ், கட்டற்ற மென்பொருள்களைத் தமிழிலேயே கற்பித்துவருகிறது.

நம்பியவர் வைத்த பொறி

சாவி கொடுப்பதில் எவ்வளவு எச்சரிக்கை வேண்டும் என்பதை உலகுக்கு உணர்த்திய நிகழ்ச்சி ஒன்று 2024-இல் நடந்தது. பல லினக்ஸ் வகைகளில் இடம்பெறும் ‘எக்ஸ்.இசட்’ என்ற சிறு மென்பொருளை ஒருவர் பல்லாண்டுகளாகத் தனியே பேணிவந்தார். அவருக்குத் துணை செய்வதாக வந்த ஒருவர், இரண்டாண்டுகளுக்கு மேல் நல்லவராகவே உழைத்து, நம்பிக்கையைப் பெற்று, நிர்வாகப் பொறுப்பிலும் பங்கு பெற்றார். பின்னர் அந்த மென்பொருளில், எஸ்.எஸ்.எச். வாயிலையே கள்ளத்தனமாகத் திறக்கும் ஒரு பொறியை மறைத்துவைத்தார். ஆண்ட்ரஸ் ஃபிராயிண்ட் என்ற பொறியாளர், எஸ்.எஸ்.எச். இணைப்பு வழக்கத்தைவிட ஏறத்தாழ அரை வினாடி தாமதமாவதைக் கண்டு, ஏன் என்று தேடிப்போய், 2024 மார்ச் 29 அன்று உண்மையை வெளியிட்டார். பெரும்பாலான கணிப்பொறிகளைச் சென்றடையுமுன் அந்தப் பொறி களையப்பட்டது.

எவ்வளவு பெரிய கோட்டையும் நம்பிக்கை என்ற ஒரே கல்லின்மேல்தான் நிற்கிறது. அதைத் தகர்ப்பவர் பெரும்பாலும் வெளியிலிருந்து வருவதில்லை; சாவி கொடுக்கப்பட்டவராகவே இருக்கிறார். மூல வரிகள் திறந்திருந்ததாலும், ஒருவர் அரை வினாடியையும் அலட்சியம் செய்யாததாலும் உலகம் தப்பியது. நம் வீட்டில் அந்தப் பொறியாளரின் இடத்தில் யார் இருக்கிறார்?

ஒரு தாள் எழுதி வையுங்கள்

ஆகவே வாசகப் பெருமக்களே, உங்கள் வீட்டில் ஒருவர் மற்றவரின் கணிப்பொறியைப் பேணுகிறார் என்றால், இன்றே இருவரும் அமர்ந்து ஒரு தாளில் எழுதி வையுங்கள். யாரிடம் சாவி இருக்கிறது. எந்தெந்த வேலைக்கு அவர் கேளாமலே நுழையலாம். எதற்குக் கேட்டே நுழைய வேண்டும். எந்தக் கோப்புறையை எக்காரணம் கொண்டும் திறக்கக்கூடாது. நகல் எங்கே இருக்கிறது. பேணுபவர் வெளியூர் சென்றாலோ, நோயுற்றாலோ, மௌத்தாகிவிட்டாலோ அந்தக் கணிப்பொறியைத் திறக்கும் கடவுச்சொல் எந்த உறையில் இருக்கிறது. கடனை எழுதி வைக்கச் சொல்லும் மார்க்கத்தைச் சேர்ந்தவர்கள் நாம். இதையும் எழுதி வைப்பது நமக்குக் கடினமன்று. அந்தத் தாள் கணிப்பொறிக்கு உரியவரின் கையில் இருக்கட்டும். பேணுபவரின் கையில் அன்று.

மகனுக்குக் கணிப்பொறி வித்தை தெரியும் என்பதில் பெற்றோருக்குப் பெருமை உண்டு. உம்மாவின் கணிப்பொறியில் நூறு முறை நுழைந்து, நூறு முறையும் வந்த வேலையை மட்டும் முடித்து, வேறெங்கும் கண்ணை ஓடவிடாமல் வெளியேறியவன் என்று அவனைப் பற்றிச் சொல்ல முடிந்தால், அந்தப் பெருமை முழுமையடையும். அப்படிப்பட்ட பிள்ளையிடம் நாளை ஓர் ஊரின் கணக்கையும், ஒரு ஜமாஅத்தின் கஜானாவையும் துணிந்து ஒப்படைக்கலாம்.